நாணய அளவில் விற்ற ஆமை

அமெரிக்காவில் 1930களிலிருந்து 1970களின் நடுப்பகுதி வரை, சோப்பும் சீப்பும் பொம்மையும் விற்ற மலிவு விலைக் கடைகளில் உயிருள்ள ஆமைக்குஞ்சுகளும் விற்பனைக்கு இருந்தன. வுல்வொர்த் போன்ற பெரிய கடைகளில் சில்லறைக் காசுக்கே ஒரு குஞ்சு கிடைத்தது. அதை வைக்க ஆழமில்லாத பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றும் விற்றார்கள். கிண்ணத்தின் நடுவே திட்டு, திட்டின்மேல் பிளாஸ்டிக் தென்னை. சில குஞ்சுகளின் ஓட்டில் பெயிண்டால் பூ வரைந்து, ஊர்ப் பெயரும் எழுதி, பொருட்காட்சி நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். குஞ்சு வளரும்போது ஓடும் விரியவேண்டும். பெயிண்ட் அதற்கு இடம் கொடுக்காமல் ஓடு கோணிப்போனது. அதனால் சில மாநிலங்கள் பெயிண்ட் பூசிய ஆமைகளை விற்கத் தடை போட்டன. ஆனால் ஆமை விற்பனையை யாரும் கேள்வி கேட்கவில்லை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் இந்தச் சிவப்புக் காது ஆமைதான் இன்று நம் ஊர் வண்ணமீன் கடைகளிலும் கண்ணாடித் தொட்டியில் நீந்துகிறது. அது அங்கிருந்து இங்கே வந்த கதையைப் பின்தொடர்ந்தால் ஒரு முடிவைத் தவிர்க்க முடிவதில்லை. வாங்குபவரின் அறியாமை இந்த வியாபாரத்தில் எப்போதோ நேரும் விபத்து அல்ல, வியாபாரமே அதன்மேல்தான் நிற்கிறது. வளர்ந்த ஆமை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் விற்பது என்று முடிவெடுத்திருந்தால், இந்த வியாபாரம் ஓராண்டுகூடத் தாக்குப்பிடித்திருக்காது.

முதலில் விலங்கைப் பற்றிச் சொல்லவேண்டும். மிசிசிப்பி ஆற்றுப் படுகைதான் இதன் தாயகம். இல்லினாய்சிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை, மெதுவாக ஓடும் நீரிலும் குட்டைகளிலும் வாழ்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும்போது 3 சென்டிமீட்டர் இருக்கும். நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, பச்சைப் பசேலென்ற ஓடு, பார்த்தவுடன் கையில் எடுக்கத் தோன்றும் அழகு. வளர்ந்த பெண் ஆமை 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பச்சை மங்கி, கறுத்து, பிடித்தால் நகத்தால் கீறும், கடிக்கவும் செய்யும். 20, 30 ஆண்டுகள் வாழும். அந்த அளவு ஆமைக்குச் சுமார் 400 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் தொட்டி வேண்டும், நீரை வடிகட்டும் கருவி வேண்டும், மேலே ஏறி உடலை உலர்த்திக்கொள்ள இடம் வேண்டும். வெயில் கட்டாயம் வேண்டும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் இல்லாவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது; விரலால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு ஓடு மெதுமெதுவென்று ஆகிவிடும். கடைக்காரர் பொட்டலத்தில் கொடுக்கும் காய்ந்த இறாலை மட்டுமே போட்டுவந்தால் வைட்டமின் ஏ குறைந்து இமைகள் வீங்கி மூடிக்கொள்ளும். கண் தெரியாத ஆமை இரை எடுக்காது. இதில் கொடுமை என்னவென்றால், ஊர்வனவற்றின் உடல் மெதுவாகவே இயங்குவதால் பட்டினி கிடக்கும் ஆமை உடனே சாவதில்லை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், அசையாமல் கிடந்து சாகும். வீட்டில் இருப்பவர்கள் அது ஓய்வெடுக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். நாய்க்குட்டி பசித்தால் குரைத்துக் கேட்கும், ஆமைக்குக் குரல் இல்லை. ஆகவே வளர்க்கத் தெரியாதவர் கையில் அது படும் பாடு வளர்ப்பவருக்கே தெரிவதில்லை.

இந்த ஆமைகளுக்கான தேவையைச் சமாளிக்க லூசியானா மாநிலத்தில் ஆமைப் பண்ணைகள் வந்தன. குளங்களில் தாய் ஆமைகளை வைத்து, கரையில் இடும் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி ஆமைக்குஞ்சுகள் விற்றன என்று மதிப்பிடப்பட்டது. அத்தனை ஆமைகளும் வளர்ந்திருந்தால் சில ஆண்டுகளிலேயே அந்த நாட்டு வீடுகளில் வைக்க இடம் இருந்திருக்காது. அப்படி நடக்கவில்லை என்பதிலிருந்தே அவற்றின் கதி என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலானவை முதல் ஆண்டிலேயே செத்தன, செத்ததற்குப் பதிலாக இன்னொன்று வாங்கப்பட்டது. வியாபாரத்துக்கு இது நஷ்டமே இல்லை.

இதற்கு முட்டுக்கட்டை போட்டது மனிதரின் வயிற்றுநோய். ஆமைகளின் குடலில் இயல்பாகவே இருக்கும் சால்மோனெல்லா கிருமி, குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்குகிறது என்று 1960களில் மருத்துவர்கள் கண்டார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2.8 லட்சம் பேர் ஆமையால் இந்நோய்க்கு ஆளானதாக மதிப்பீடு வந்தது. அரசு முதலில் தடை விதிக்கவில்லை. கிருமி இல்லை என்று சான்றிதழ் வாங்கிய ஆமைகளை மட்டும் விற்கலாம் என்று 1972இல் விதி செய்தது. ஆமை கிருமியை எல்லா நாளும் வெளியேற்றுவதில்லை என்பதால் இன்று பரிசோதனையில் தேறிய ஆமை அடுத்த வாரம் கிருமியைப் பரப்பியது; சான்றிதழ் பயனற்றுப் போனது. கடைசியில் 1975இல், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்கவே கூடாது என்று தடை வந்தது. சிறு குழந்தை வாயில் வைக்கக்கூடிய அளவை மனத்தில் வைத்து அந்த 4 அங்குலம் குறிக்கப்பட்டது. தடை பலித்தது: ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் குழந்தைகளை அது நோயிலிருந்து காத்தது என்று 1980இல் வந்த மருத்துவ ஆய்வு கணக்கிட்டது. இதில் நான் கவனிக்கும் விஷயம் வேறு. 4 அங்குலத்துக்கு மேற்பட்ட ஆமையை விற்கத் தடையே இல்லை. பெரிய ஆமையைத் தாராளமாக விற்றிருக்கலாம். இருந்தும் கடை மேசைகளிலிருந்து ஆமைகள் அனேகமாக மறைந்துவிட்டன. ஏனெனில் பெரிய ஆமையைப் பார்த்தவர்கள் அதை வாங்க விரும்பவில்லை. விற்பனை ஆகிக்கொண்டிருந்தது ஆமை அல்ல, அதன் முதல் சில மாதங்கள் மட்டுமே.

அந்தத் தடையில் ஒரு விலக்கு இருந்தது. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் விற்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம். தம் நாட்டுக் குழந்தைகளுக்கு ஆகாது என்று சட்டம் முடிவுசெய்த அதே குஞ்சுகளைப் பிற நாட்டுக் குழந்தைகளுக்கு அனுப்பத் தடையில்லாமல் போயிற்று. பண்ணைகள் அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்தன. முட்டைகளை ஆன்டிபயாட்டிக் மருந்தில் முக்கிக் கிருமியைக் கொல்லும் முறை வந்தது. பிற்பாடு அந்த மருந்துக்கே மசியாத சால்மோனெல்லா பண்ணை ஆமைகளில் காணப்பட்டது. 1980களின் இறுதியில் ஆமைகளே நாயகர்களான நிஞ்ஜா டர்ட்டில்ஸ் தொலைக்காட்சித் தொடரும், 1990இல் அதன் திரைப்படமும் வந்தபோது, ஐரோப்பியக் குழந்தைகள் ஆமை கேட்டு அடம்பிடித்தார்கள். 1989 முதல் 1997 வரை மட்டும் அமெரிக்காவிலிருந்து 5.2 கோடி சிவப்புக் காது ஆமைகள் ஏற்றுமதி ஆகியிருக்கின்றன. தொடர் முடிந்தபின் கார்ட்டூன் மறந்துபோனது, ஆமை மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. மாட்ரிட் நகரின் அடோச்சா ரயில் நிலையத்துக்குள் 1992இல் ஒரு வெப்பமண்டலத் தோட்டம் அமைத்து நடுவில் குளமும் வெட்டினார்கள். வீட்டில் வைத்திருக்க முடியாத ஆமைகளை மக்கள் பையில் கொண்டுவந்து அதில் விட்டுவிட்டு ரயிலேறினார்கள். நூற்றுக்கணக்கான ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்த அந்தக் குளத்தைச் சுற்றுலாப் பயணிகள் ஒரு வேடிக்கையாகவே பார்த்துவந்தார்கள். 2018இல்தான் அவற்றை அங்கிருந்து எடுத்து வேறு மையத்துக்கு மாற்றினார்கள்.

குளத்தில் விட்டால் என்ன கெடுதி, அதுவும் ஓர் உயிர்தானே பிழைத்துப்போகட்டும் என்ற எண்ணம் நல்ல மனத்திலிருந்து வருவதுதான். ஆனால் குளத்தில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆமைக்கு வெயில் காயும் இடம் உணவுக்குச் சமமான தேவை. உடல் சூடேறாவிட்டால் தின்றது செரிக்காது, முட்டை முதிராது. பிரான்சில் 2000களின் தொடக்கத்தில் அந்துவான் காதி, பியர் ஜோலி என்ற இரு ஆய்வாளர்கள் உள்ளூர்க் குள ஆமைகளையும் சிவப்புக் காது ஆமைகளையும் ஒரே குளத்தில் விட்டுக் கவனித்தார்கள். நல்ல வெயில் விழும் மரத்துண்டுகளை வந்தேறி ஆமைகள் பிடித்துக்கொண்டன, உள்ளூர் ஆமைகள் மோசமான இடங்களுக்கு ஒதுங்கின. காலப்போக்கில் அவற்றின் எடை குறைந்தது, கூடுதலாகச் செத்தன. இந்த ஆமை, உலகின் மிக மோசமான 100 ஊடுருவு உயிரினங்களின் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இதன் இறக்குமதியை நிறுத்தியது. உடனே வியாபாரம் அதே இனத்தின் வேறொரு கிளைக்குத் தாவியது, சிவப்புக் கோட்டுக்குப் பதில் மஞ்சள் வயிறு. அதே வளர்ச்சி, அதே ஆயுள், அதே பெருந்தீனி. எல்லாக் கிளைகளையும் சேர்த்து ஒன்றியம் தடைப்பட்டியலில் போட 2016 ஆகிவிட்டது. தென்கொரியா 2001இலேயே இறக்குமதியைத் தடுத்தது; அங்கே புண்ணியத்துக்காக ஆமைகளை ஆற்றில் விடும் பௌத்தச் சடங்குக்கும் இவைதான் வாங்கப்பட்டு வந்தன.

ஜப்பானின் அனுபவம்தான் இந்த வரலாற்றில் மிக நீண்ட பாடம். 1990களில் ஆண்டுக்குப் பத்து லட்சம் அளவுக்கு அங்கே குஞ்சுகள் இறங்கின. 2005இல் ஊடுருவு உயிரினங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஆமை அதில் சேர்க்கப்படவில்லை. அபாயம் தெரியாமல் அல்ல. சேர்த்தால் வளர்க்கவே தடை என்றாகிவிடும், பயந்து எல்லாரும் ஒரே நேரத்தில் ஆற்றில் கொட்டிவிடுவார்கள் என்ற அச்சம். ஆகவே கடைசிவரை வளர்க்கும்படி மக்களை அறிவுறுத்திக்கொண்டு, விற்பனையை அப்படியே விட்டுவைத்தார்கள். 2016இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் மதிப்பிட்டபோது, வெளியில் சுமார் 80 லட்சம் சிவப்புக் காது ஆமைகள் இருந்தன. ஜப்பானுக்கே உரிய குள ஆமை அதில் எட்டில் ஒரு பங்குதான். டோகுஷிமாவில் தாமரைக்கிழங்கு பயிரிடும் விவசாயிகள், இளந்தளிரை ஆமைகள் தின்றுவிடுவதாக முறையிட்டார்கள். கடைசியில் 2023 ஜூன் 1 முதல் ஒரு புது ஏற்பாடு வந்தது: வீட்டில் ஏற்கெனவே இருப்பதை வளர்க்கலாம், இலவசமாக இன்னொருவருக்குக் கொடுக்கவும் செய்யலாம், விற்கக்கூடாது, வெளியில் விடக்கூடாது. இத்தனை எளிய ஏற்பாட்டை எட்ட 18 ஆண்டுகள் ஆயின. அந்த இடைவெளியில் நடந்த சேதத்துக்கு, கற்பிதமான ஒரு பயமும் அறிவுரைமேல் வைத்த அளவுகடந்த நம்பிக்கையுமே காரணம் என்பேன்.

இனி நம் பக்கம். தமிழர் வீடுகளில் ஆமை வளர்க்கும் பழக்கம் இருந்ததில்லை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்ற பழமொழி ஊரறிந்தது. ஆமைக்குரிய இடம் கோயில் தெப்பக்குளம், ஏரி, வயல் வாய்க்கால். கிராமத்துக் கிணறுகளில் தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும் என்று பாலாமையை விடுவது உண்டு. வாஸ்து, ஃபெங்சூயி பேச்சு நகரங்களில் பரவிய பின்புதான் அதே ஆமை அதிர்ஷ்டப் பொருளாகி வரவேற்பறைக்கு வந்தது. அதற்குள் பாலாமை, நட்சத்திர ஆமை போன்றவை 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலுக்குள் வந்துவிட்டன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். சட்டத்தின் அட்டவணைகளோ அன்று உள்நாட்டு உயிர்களைக் காப்பதற்காக எழுதப்பட்டிருந்தன, அமெரிக்க ஆமைக்கு அவற்றில் இடமிருக்கவில்லை. அந்த இடைவெளியில் இந்த வியாபாரம் வளர்ந்தது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் மலேசியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வந்த பயணிகளின் பெட்டிகளில், டப்பாக்களில் அடுக்கிய குஞ்சுகளைச் சுங்க அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் பிடித்திருக்கிறார்கள். பிடிபட்டது இவ்வளவு என்றால் பிடிபடாதது எவ்வளவு என்று யோசிக்கவேண்டும். கேரளத்தில் பீச்சியிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனம் இந்த ஆமைகளை நீர்நிலையில் விடாமல் ஒப்படைக்கும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொண்டு வாங்கிவைக்கிறது. குவாஹாத்தியில் உக்ரதாரா கோயில் குளத்திலும் இவை காணப்பட்டன. இந்தியாவில் நன்னீர் ஆமைகளும் நில ஆமைகளுமாக 29 வகைகள் உள்ளன, அவற்றில் பல ஏற்கெனவே நசிந்துவருகின்றன. நம் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் காராமை வெயில் காயும் இடத்தை இன்னொரு ஆமை பிடித்துக்கொள்ளக் குளிர்காலம்கூடத் தடையில்லை, இங்கே ஆண்டு முழுவதும் வெயில்தான்.

விற்பனையை நிறுத்தவேண்டும் என்றால் சில மறுப்புகள் எழும், அவற்றில் நியாயமானவையும் உண்டு. வாங்குபவருக்குச் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்பது முதலாவது. விற்பவர் உண்மையை முழுதாகச் சொன்னால் வாங்குபவர் வாங்கமாட்டார். ஆகவே உண்மையைச் சொல்லும் வேலையை விற்பவரிடமே ஒப்படைப்பது நடக்கிற காரியம் அல்ல. செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018ஆம் ஆண்டு விதிகள் பதிவு, இடவசதி, சுகாதாரம் ஆகியவற்றைக் கேட்கின்றன. அவை நல்ல விதிகள்தான், ஆனால் கடைக்குள் இருக்கும் நாட்களுக்கே பயன்படும். அடுத்த முப்பது ஆண்டுகளை எந்தக் கடை ஆய்வாளரும் பார்க்கப்போவதில்லை. நாயையும்தான் தெருவில் விடுகிறார்கள், அதற்காக நாய் விற்பனையை நிறுத்துவதா என்று கேட்கலாம். நாய்க்குட்டி வளர்ந்தால் எப்படி இருக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். வாங்கியபின் கைவிடுபவர் தெரிந்தே கைவிடுகிறார். ஆமை வாங்கியவருக்கு அது தெரியவே வழியில்லை, ஏனெனில் வளர்ந்த ஆமையைக் கடையில் யாரும் வைத்திருப்பதில்லை. தடை போட்டால் கள்ளச்சந்தை பெருகும் என்பது கனமான மறுப்பு. அமெரிக்காவிலும் அது நடந்தது. சந்தைத் திடல்களில் சின்னக் குஞ்சுகள் இன்றும் திருட்டுத்தனமாக விற்கின்றன. 2007இல் புளோரிடாவில் பிறந்து நான்கு வாரமே ஆன ஒரு குழந்தை, வீட்டுக்கு வந்த குட்டி ஆமையின் கிருமியால் இறந்தது. ஆனாலும் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி விற்ற காலத்தையும் ஒளித்து விற்கும் காலத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வெளிநாட்டு ஆமை கிடைக்காவிட்டால் நம் நாட்டு ஆமையைப் பிடிப்பார்களே என்றும் சொல்வார்கள். சிவப்புக் காது ஆமை தடையின்றி விற்ற இத்தனை ஆண்டுகளிலும் நட்சத்திர ஆமைக் கடத்தல் ஓயவில்லை. ஒன்று இன்னொன்றுக்கு மாற்றாக இருந்ததே இல்லை.

கடைக்காரர்களின் பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களில் வண்ணமீன் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஆனால் அவர்களின் தொழில் மீன், தொட்டி, தீனி, வடிகட்டி ஆகியவற்றின்மேல் நிற்பது. குஞ்சு ஆமை அதில் ஓர் ஓரம்தான், அதுவும் கள்ளத்தனமாக இறங்கும் சரக்கை நம்பிய ஓரம். அதை விட்டுவிட்டால் தொழில் சாயாது. குழந்தைகள் இயற்கையை நேசிக்கப் பழக வேண்டாமா என்ற கேள்விதான் எனக்கு நெருக்கமானது. பழகவேண்டும். மெல்லச் சாகும் ஓர் உயிரைப் பார்த்துக்கொண்டு, அது தூங்குகிறது என்று நம்பி வளரும் குழந்தை நேசத்தைக் கற்பதில்லை. மழைக்குப்பின் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், கட்டையில் ஏறி வெயில் காயும் பாலாமையைத் தூரத்திலிருந்து காட்டலாம். அதற்குக் காசும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம்.

காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம், ஊடுருவும் அயல் உயிரினங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு கட்டுப்படுத்தும் உயிரினங்களில் இந்த ஆமையை, கிளை பார்க்காமல் இனம் முழுவதையும், சேர்க்கவேண்டும். ஜப்பானைப் போல வீட்டில் இருப்பதை வளர்க்க அனுமதியும், விற்பனைக்குத் தடையும் ஒரே நாளில் வரவேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றைத் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே இந்த ஆமை இருந்தால் அதற்குப் பெரிய தொட்டியும் தினமும் வெயிலும் கொடுங்கள், இறால் பொட்டலத்தோடு கீரையும் போடுங்கள், அதைத் தொட்ட பிறகு பிள்ளைகளைக் கைகழுவச் சொல்லுங்கள். வைத்திருக்க முடியவில்லை என்றால் வனத்துறையிடமோ உயிரியல் பூங்காவிடமோ கேளுங்கள், பொறுப்பாக வளர்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக் கொடுங்கள். கோயில் குளத்திலோ ஏரியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள்.